புது டிராவல் டிரெய்லர்: கம்பெனி டயரைக் கழற்றலாமா, வைத்துக்கொள்ளலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் இருபது வருடத்துக்கு மேலாக டயரும் வீல் அலைன்மென்ட்டும்தான் என் பிழைப்பு. காரும் வேனும் டிராக்டரும் நின்ற வாசலில் இப்போது டிராவல் டிரெய்லரும் வந்து நிற்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இதற்குச் சொந்த என்ஜின் கிடையாது. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிலவற்றில் கழிவறையும் இருக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் படைப்பு (முன்னோருக்குப் படையல்) கும்பிட வருகிற குடும்பங்கள், தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் கூட்டத்தோடு வண்டி கொண்டுபோகிறவர்கள், அமெரிக்காவில் இருக்கும் மகனுக்காக இங்கே வந்து விசாரிக்கும் அம்மாக்கள் என்று பலர் கேட்கிறார்கள். எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: வண்டியோடு வந்த கம்பெனி டயரை மாற்ற வேண்டுமா? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணே, வண்டி புதுசு, டயரும் புதுசு. எதற்கு மாற்றச் சொல்கிறார்கள்?

எல்லோரும் மாற்ற வேண்டியதில்லை. டயர் விற்றுப் பிழைக்கிற நானே இதைச் சொல்கிறேன். தேவையில்லாமல் கழற்றிய புது டயருக்குப் போட்ட விலை ஒருநாளும் திரும்பக் கிடைக்காது.

ஆனால் மாற்றியே ஆக வேண்டிய வண்டிகளும் வருகின்றன. டிரெய்லர் செய்து விற்பவர் டயரைத் தேர்ந்தெடுக்கும்போது காலி வண்டியின் எடையை வைத்தோ, காகிதத்தில் எழுதிய மொத்த எடையை வைத்தோ, அதைத் தாங்கும் டயர்களில் விலை குறைந்ததைப் பொருத்திவிடுகிறார். கணக்கு சரியாகத்தான் இருக்கும். நீங்கள் தண்ணீர் நிரப்பி, பாத்திரம் பண்டம் ஏற்றி, மெத்தை போட்டுப் புறப்படும் அன்றைக்கு அந்தக் கணக்கில் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஆகவே டயரின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது எவ்வளவு எடை தாங்கும், உங்கள் வண்டி உண்மையில் எவ்வளவு எடை, டயர் எப்போது தயாரானது, என்ன வகை என்று பாருங்கள். இந்தப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

கார் டயர் வருடக்கணக்கில் ஓடுகிறதே, டிரெய்லர் டயருக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

டயரைக் கொல்வது சூடு. காற்று குறைந்தாலோ எடை கூடினாலோ டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. மடங்க மடங்க உள்ளே சூடு ஏறும். சூடு ஏறினால் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைக்கும் உள்ள பிடி விட்டுப்போகும். ஒருநாள் மேல் ரப்பர் வாழைத்தோல் உரிவதுபோல உரிந்துவிடும், இல்லாவிட்டால் வெடித்துவிடும்.

காரில் டயர் இறங்கினால் ஸ்டீயரிங் சொல்லிவிடும். டிரெய்லரில் யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே போவீர்கள், பின்னால் டயர் காற்றில்லாமல் ரிம்மில் ஓடிக்கொண்டிருக்கும். அதோடு காரில் டயருக்கு உள்ள திறனில் ஒரு பகுதியைத்தான் அன்றாடம் பயன்படுத்துகிறோம். டிரெய்லரில் முதல் நாளிலிருந்தே எல்லைக்குப் பக்கத்தில் ஓட்டுகிறோம்.

எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொந்தமாக ஒரு சின்னப் புது டிரெய்லர் வாங்கினேன், ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். சித்திரை வெயிலில் குடும்பத்தோடு பழனிக்குப் புறப்பட்டோம். சிங்கம்புணரி தாண்டி நத்தம் போகும் வழியில் எதிரே பைக்கில் வந்தவர் கையைக் காட்டிக் கத்தினார். இறங்கிப் பார்த்தால் இடது டயர் இல்லை, ரிம்மில் நூல்கயிறு மாதிரி ரப்பர் தொங்கிக்கொண்டிருந்தது. உரிந்த ரப்பர் சுழன்று அடித்ததில் மட்கார்டு கிழிந்து, கழிவுநீர்க் குழாய் உடைந்திருந்தது. காஸ் குழாய்க்கும் அந்த அடிக்கும் இரண்டு விரல் இடைவெளிதான். முன்னால் காரில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

டயர் கம்பெனிமேல்தான் முதலில் கோபம் வந்தது. ஊருக்கு வந்து எடை போட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த டயர் ஒவ்வொன்றும் தாங்கக்கூடியது 475 கிலோ. இடது பக்கம் இருந்தது 590 கிலோ, வலது பக்கம் 440. அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பாத்திர அலமாரி மூன்றையும் செய்தவர் இடது பக்கமே வைத்திருந்தார். ஊர் வண்டிகளுக்கெல்லாம் டயர் பார்த்துச் சொல்கிற நான் என் வண்டியை எடை போட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பிழையை வேறு யாரும் செய்யக்கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

டயர் எவ்வளவு தாங்கும் என்று எங்கே எழுதியிருக்கும்?

டயரின் பக்கச் சுவரில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் ஒரு ஆங்கில எழுத்தும் இருக்கும். 175/65 ஆர்14 82 டி என்று இருந்தால் 82 என்பது எடைக் குறியீடு, டி என்பது வேகக் குறியீடு. அந்த எண் கிலோ அல்ல, ஒரு அட்டவணையின் வரிசை எண். 82 என்றால் 475 கிலோ, 85 என்றால் 515, 88 என்றால் 560, 91 என்றால் 615, 94 என்றால் 670, 97 என்றால் 730, 100 என்றால் 800. இது ஒரு டயருக்கு.

சின்ன டிரக்குகளில் போடும் எல்டி வகை டயரில் 86/84 என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண் ஒரு பக்கத்துக்கு ஒரு டயர் போடும்போது, அதாவது 530 கிலோ. இரண்டாவது, பக்கத்துக்கு இரட்டை டயர் போடும்போது. டிரெய்லருக்கு முதல் எண்ணைப் பார்த்தால் போதும்.

வேகக் குறியீட்டில் எல் (L) என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், என் (N) என்றால் 140, டி (T) என்றால் 190. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிரெய்லர் இழுக்கும்போது 70-ஐத் தாண்ட வேண்டாம் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது. திருமயம் ரோடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

எடை எங்கே போடுவது? எப்படிப் போடுவது?

நம் பக்கத்தில் இதற்குக் கஷ்டமே இல்லை. புதுவயலில் இத்தனை அரிசி ஆலைகள் இருக்கின்றன, லாரி எடை மேடையும் இருக்கிறது. கூட்டமில்லாத நேரமாகப் போனால் பொறுமையாகப் போட்டுக்கொடுப்பார்கள்.

காலி வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். ஊருக்குப் புறப்படுவதுபோல எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி நிறைய இருக்கட்டும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றாமல், டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி வையுங்கள். அதுதான் டயர்கள் சுமக்கும் எடை. அப்புறம் இடது சக்கரம் மட்டும் மேடையில், வலது சக்கரம் மேடைக்கு வெளியே தரையில் நிற்கும்படி ஒருமுறை. மேடையும் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் இந்த எடை சரியாக வரும், மேடு பள்ளம் இருந்தால் வேறு மேடை தேடுங்கள். மொத்தத்தில் இடதைக் கழித்தால் வலது.

இந்தப் பக்க எடையைத்தான் யாரும் போடுவதில்லை. என் கடையில் ஒரு ஆச்சி, மகன் வாங்கிய டிரெய்லரில் பித்தளை அண்டா இரண்டு, இட்லிக் கொப்பரை, அரிசி மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் இதை விளக்கியதும், “அப்ப அடுப்படிப் பக்கத்துச் சக்கரம்தான் எல்லாத்தையும் சொமக்குதா? மத்தது சும்மா வருதா?” என்று கேட்டார். இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. அண்டாக்களை வலது பக்கம் மாற்றியதிலேயே இரண்டு பக்கத்துக்கும் இருந்த வித்தியாசம் பாதியாகக் குறைந்தது.

ஒற்றை அச்சு வண்டியில் அதிக எடை உள்ள பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதை 1.2-ஆல் பெருக்குங்கள். வருகிற கிலோவை உங்கள் டயர் தாங்குகிறதா? தாங்கினால் கம்பெனி டயரையே வைத்துக்கொள்ளலாம். என் வண்டிக்கு 590 கிலோவை இப்படிப் பெருக்கினால் 708, அதாவது 96 என்ற குறியீடு வேண்டும். இருந்ததோ 82. சாமான்களை மாற்றி அடுக்கிய பிறகு 530-க்கு 500 என்று வந்தது. 530-க்கு 636 கிலோ போதும், குறியீடு 93. நான் 97 போட்டேன். 20 சதவீத மிச்சம் என்பது என் அனுபவத்தில் வைத்துக்கொண்ட கணக்கு. நம் வெயிலுக்கும் ரோட்டுக்கும் அதற்குக் குறைந்தால் எனக்கு நிம்மதி இருக்காது.

எடையைக் குறைக்கலாம் என்று எல்லாவற்றையும் அச்சுக்குப் பின்னால் தள்ளிவிடாதீர்கள். கொக்கியில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டும். அது டயர் வெடிப்பதைவிட ஆபத்து.

சாதாரணக் கார் டயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அது தப்பா?

இங்கே செய்யும் டிரெய்லர்களில் பாதிக்கு மேல் எனக்கு அப்படித்தான் வருகின்றன. எடை குறைந்த, பக்கத்துக்கு 350 கிலோவுக்குள் இருக்கும் குட்டி டிரெய்லருக்கு நல்ல கார் டயர் போதும். அதற்கு மேல் என்றால் எனக்குச் சம்மதமில்லை.

கார் டயரின் பக்கச் சுவர் மெல்லியது, பயணம் சொகுசாக இருக்க வேண்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். உயரமான பெட்டி காற்றில் அசையும்போதும் திருப்பத்தில் சாயும்போதும் அந்தச் சுவர் வளைகிறது. அமெரிக்காவில் கார் டயரை டிரெய்லரில் போட்டால் அதன் எடைத் திறனை 1.1-ஆல் வகுத்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதன்படி 475 கிலோ டயர் 432 கிலோ டயராகிவிடும்.

இன்னொன்று, காற்றை ஏற்றினால் கார் டயர் அதிகம் தாங்கும் என்று சிலர் 45, 50 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) அடிக்கிறார்கள். சாதாரணக் கார் டயர் தன் முழு எடைத் திறனை 35 பிஎஸ்ஐ வாக்கிலேயே எட்டிவிடும். அதற்குமேல் அடிக்கிற காற்று டயரைக் கல் மாதிரி ஆக்குமே தவிர, ஒரு கிலோகூடக் கூடுதலாகத் தாங்க வைக்காது.

எல்டி டயர் போடலாமா? 8 பிஆருக்குப் பதில் 10 பிஆர் போட்டால் இன்னும் நல்லதுதானே?

நம் ஊரில் டிரெய்லருக்கு நான் பரிந்துரைப்பது எல்டிதான். டாடா ஏஸ் போன்ற சின்ன டிரக்குகள் தினமும் செங்கல்லும் சிமென்ட்டும் ஏற்றிக்கொண்டு இந்த ரோட்டில் இந்த டயரில்தான் ஓடுகின்றன. பஞ்சர் போட எந்தக் கிராமத்திலும் ஆள் உண்டு, மாற்று டயர் தேவகோட்டையிலும் கிடைக்கும், திருப்பத்தூரிலும் கிடைக்கும்.

பிஆர் என்பது எவ்வளவு உறுதியான உள்கட்டு என்பதைக் காட்டும் அளவு. இன்றைய ரேடியல் டயரில் உண்மையில் எட்டு அடுக்கு, பத்து அடுக்கு என்று இருக்காது. பழைய நூல் டயர் காலத்துக் கணக்கு பெயரில் நின்றுவிட்டது. பிஆர் கூடினால் அதிகக் காற்றைத் தாங்கும், அதனால் அதிக எடையைத் தாங்கும். ஆகவே 10 பிஆர் போட்டுவிட்டு 35 பிஎஸ்ஐ காற்று வைத்தால் செலவழித்தது வீண்.

டயரோடு ரிம்மையும் பாருங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஒவ்வொரு ரிம்முக்கும் எவ்வளவு எடை, எவ்வளவு காற்று என்று எல்லை இருக்கிறது. கார் ரிம்மில் எல்டி டயரை ஏற்றி 65 பிஎஸ்ஐ அடித்தால் டயர் தாங்கும், ரிம் தாங்காமல் விரிசல் விடலாம். வால்வும் அப்படித்தான். ரிம்மின் ஓட்டையில் அழுத்திச் சொருகும் சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான், அதற்கு மேல் நட்டு போட்டு முறுக்கும் உலோக வால்வு வேண்டும். நான் என் டிரெய்லருக்கு 165 ஆர்14 எல்டி போட்டபோது ரிம்மையும் சேர்த்தே மாற்றினேன். அந்த டயர் பழையதைவிட ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் உயரம் கூடியது. மட்கார்டில் உரசுமா என்று பள்ளத்தில் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் அதையே வைப்பது என்று முடிவு செய்தேன்.

டயரைப் பெரிதாக்கியதால் டிரெய்லரில் இன்னும் அதிகம் ஏற்றலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அச்சு, ஸ்பிரிங் பட்டை, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப், பேரிங் எல்லாம் பழையதுதான். ஆர்சியில் எழுதிய மொத்த எடைதான் எல்லை.

டயர் எப்போது தயாரானது என்று எப்படிப் பார்ப்பது?

பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் மாதம். சில டயரில் இது உள்பக்கச் சுவரில் மட்டும் இருக்கும், குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

டிரெய்லர் டயரில் பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். என் கணக்கு, ஐந்து வருடம் ஆனால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் கழற்ற வேண்டும். சமீபத்தில் புது டிரெய்லர் ஒன்று வந்தது, டயர் தயாராகி மூன்று வருடம் ஆகியிருந்தது. விற்பவரின் இடத்தில் வெயிலில் நின்றே பாதி ஆயுள் போய்விட்டது. வாங்குகிற அன்றைக்கே, பணம் கட்டுவதற்கு முன், இந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் மாற்றிக்கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்பதில் வெட்கமில்லை.

காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

எவ்வளவு என்பது டயருக்கு டயர் மாறும். டிரெய்லரில் ஒட்டியிருக்கும் பட்டியைப் பாருங்கள், டயரை மாற்றியிருந்தால் அந்த டயர் கம்பெனியின் எடை, காற்று அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். எப்போது பார்ப்பது என்பதை நான் சொல்கிறேன்: விடிகாலையில், வண்டி நகர்வதற்கு முன். பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப் போய்ப் பார்த்தால் அது சூடேறிய காற்று. 20 பிஎஸ்ஐ முதல் 100 பிஎஸ்ஐ வரை காட்டும் ஒரு நல்ல கேஜ் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பம் ஏறக்குறைய ஐந்தரை டிகிரி கூடினால் காற்று 1 பிஎஸ்ஐயோ அதற்குக் கொஞ்சம் மேலாகவோ கூடும். மார்கழி விடியலில் சரியாக வைத்தது சித்திரை மத்தியானத்தில் ஓடும்போது பத்துக்கு மேல் கூடத் தெரியலாம். டயரை அதற்கும் சேர்த்துத்தான் செய்திருக்கிறார்கள். “அண்ணே, 65 வச்சது 76 காட்டுது, வெடிச்சிடும்னு கொஞ்சம் இறக்கிட்டேன்” என்று ஒரு தம்பி மத்தியானம் போன் செய்தார். அதுதான் கூடாது. நடு வெயிலில் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவான காற்றோடு புறப்படுவீர்கள், குறைந்த காற்றுதான் சூட்டை ஏற்றும்.

டயருக்குள் காற்றையும் சூட்டையும் காட்டும் டிபிஎம்எஸ் கருவி இப்போது வால்வு மூடியின் இடத்தில் திருகும்படியே கிடைக்கிறது. புது டயரா, டிபிஎம்எஸ்ஸா என்று ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், எடை சரியாக இருக்கும் வண்டிக்கு டிபிஎம்எஸ் வாங்குங்கள் என்பேன். அன்றைக்கு நத்தம் ரோட்டில் எனக்கு அது இருந்திருந்தால் அரை மணி நேரம் முன்பே நிறுத்தியிருப்பேன்.

என் மகன் டெக்சஸில் பெரிய டிராவல் டிரெய்லர் வாங்கியிருக்கிறான். சீன டயர், உடனே மாற்று என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்களாம்?

அங்கே மலிவான இறக்குமதி டிரெய்லர் டயருக்குச் ‘சைனா பாம்’ என்றே பட்டப்பெயர் உண்டு. அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை, முழுக்க உண்மையும் இல்லை. எந்த நாட்டு டயராக இருந்தாலும் எல்லையில் எடை ஏற்றி, காற்றுக் குறைவாக, 120 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்தால் போய்விடும்.

அங்கே டிரெய்லருக்கென்றே எஸ்டி என்ற வகை இருக்கிறது. பக்கச் சுவர் கெட்டி. வேகக் குறியீடு இல்லாத பழைய எஸ்டி டயர்களுக்கு மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர்தான் எல்லை. டெக்சஸ் சாலையில் 75 மைலில் கார்கள் போகும், மகனும் அதே வேகத்தில் இழுத்தால் டயர் என்ன செய்யும்? இப்போது குறியீட்டோடு வருபவையும் இருக்கின்றன. 2017-இல் குட்இயர் கொண்டுவந்த எண்டியூரன்ஸ் அப்படி ஒன்று, N என்ற வேகக் குறியீடு, 87 மைல் வரை.

சட்டப்படி அங்கே டயர்களின் மொத்தத் திறன் அச்சுக்குச் சொன்ன எடைக்குக் குறையக்கூடாது. குறையாது, ஆனால் மிச்சம் குறைவாக இருக்கலாம். உதாரணமாக எஸ்டி 225/75 ஆர்15 அளவில் டி வகை (இது எடைத் திறனைக் காட்டும் D எழுத்து, வேகத்துக்கான T அல்ல) 65 பிஎஸ்ஐ காற்றில் 2,540 பவுண்டு தாங்கும், ஏறக்குறைய 1,150 கிலோ. அதே அளவில் இ வகை 80 பிஎஸ்ஐயில் 2,830 பவுண்டு, ஏறக்குறைய 1,280 கிலோ. ரிம்மும் வால்வும் 80-ஐத் தாங்குமானால், டி-யிலிருந்து இ-க்கு மாறுவது நல்ல செலவு. எஸ்டி டயருக்குப் பக்கச் சுவரில் எழுதிய முழுக் காற்றையும் வைப்பதே அங்கே வழக்கம். மகனிடம் சொல்லுங்கள்: முதலில் லாரி எடை மேடையில் போய் எடை போடட்டும், அப்புறம் டயர் வாங்கட்டும்.

எங்கள் டிரெய்லரில் இரட்டை அச்சு. நான்கு டயர் இருப்பதால் பயமில்லையே?

ஒன்று போனால் அடுத்தது தாங்கும், உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் பக்கத்து டயர் இரண்டு பங்கு சுமக்கிறது. நீங்கள் கவனிக்காமல் பத்து கிலோமீட்டர் போனால் அதுவும் உள்ளே அடிபட்டிருக்கும், வெளியே தெரியாது. அந்தப் பக்கத்து இரண்டையுமே கழற்றி உள்பக்கம் பார்க்க வேண்டும்.

இரட்டை அச்சுக்கு நம் ஊரில் வேறொரு கஷ்டம். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் தெருக்கள் கோடு போட்டதுபோல நேராக இருக்கும், முனையில் வளைவு மட்டும் கத்தி வைத்து வெட்டியது மாதிரி செங்குத்து. வீட்டின் முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பதால், பின்வாசலில் டிரெய்லரை ஏற்ற அந்த முனையில் ஒடித்துத் திருப்புவார்கள். அப்போது நான்கு டயரும் தரையில் பக்கவாட்டில் இழுபடும், ரப்பர் முறுக்கிக்கொள்வது கண்ணுக்கே தெரியும். முடிந்தவரை அகலமாகச் சுற்றி வாருங்கள். இதற்குக் கார் டயர் சுத்தமாக ஆகாது.

வருடத்தில் பத்து மாதம் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. டயர் கெடுமா?

ஓடாத டயர்தான் சீக்கிரம் கெடும். ஓடும்போது ரப்பருக்குள் இருக்கும் பாதுகாப்பு எண்ணெய்ப் பொருள் மேலே வந்து பூசிக்கொள்ளும், நின்றால் வராது. வெயில் காயும், பக்கச் சுவரில் மயிரிழை போல வெடிப்பு விழும். செம்மண்ணில் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அந்த இடம் தட்டையாகும்.

காலி செய்து, அச்சுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுத்துத் தூக்கி நிறுத்துங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் பலகை மேல் ஏற்றி, மாதம் ஒருமுறை அரைச் சுற்று நகர்த்தச் சொல்லுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பார், அவரிடம் சொல்லி வைத்தால் செய்துவிடுவார். டயரைப் பழைய வேட்டியோ சாக்கோ போட்டு மூடினாலே பெரிய உதவி. பளபளப்புக்கு எண்ணெய் கலந்த பாலீஷ் தடவ வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும்.

ஸ்டெப்னி கட்டாயமா?

கட்டாயம். புது டிரெய்லரில் பல பேர் கொடுப்பதே இல்லை. கார் ஸ்டெப்னி டிரெய்லருக்குப் பொருந்தாது, சக்கரத்தை மாட்டும் போல்ட்டுகளின் இடைவெளியே வேறாக இருக்கும். அதே அளவு, அதே எடைத் திறன், முழுக் காற்று. காரின் ஜாக்கி டிரெய்லருக்கு எட்டுமா என்று வீட்டு வாசலில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

நைட்ரஜன் அடிக்கலாமா? ரீட்ரேட் டயர்?

நைட்ரஜன் கெடுதலில்லை, அவசியமும் இல்லை. ரீட்ரேட், அதாவது தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது, டிராக்டர் டிரெய்லருக்கு ஓடட்டும், ஆட்கள் தங்கும் வண்டிக்கு நான் போட்டுத் தர மாட்டேன்.

பாதயாத்திரைக்குப் பின்னால் மெதுவாகத்தானே போகிறோம், அதற்குமா இவ்வளவு?

வேகம் குறைவு என்பதால் டயருக்குச் சூடு குறைவு, அது நல்லது. தை மாதம் வெயிலும் கம்மி. ஆனால் குன்றக்குடியிலிருந்து பழனி வரை நடப்பவர்களின் பை, படுக்கை, தண்ணீர்க் கேன் எல்லாம் வழியில் ஒவ்வொன்றாக டிரெய்லருக்குள் ஏறும். கால் வலித்தவர்கள் ஏறி உட்காருவார்கள், இழுத்துப் போகும் வண்டிக்குள் ஆட்களை ஏற்றவே கூடாது. ரோட்டோர மண்ணில் ஓரமாகவே போவதால் ஆணியும் கருவேல முள்ளும் இடது டயரில்தான் ஏறும். இரவு தங்குமிடத்தில் டார்ச் அடித்து இடது டயரைத் தடவிப் பாருங்கள். அப்படியே ஹப்பையும் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கில் கிரீஸ் இல்லாமல் இருக்கலாம்.

சரி, மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். கடையில் எதைக் கேட்க வேண்டும்?

எடைச் சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள். “இந்தப் பக்கம் இவ்வளவு கிலோ, 20 சதவீதம் மிச்சத்தோடு வேண்டும்” என்று கேளுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை, நான்கு இலக்கத் தேதி இரண்டையும் நீங்களே பாருங்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்கட்டும். வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பேலன்சிங் செய்யச் சொல்லுங்கள். டிரெய்லருக்கு எதற்குப் பேலன்சிங் என்று கடைக்காரர் கேட்டாலும் விடாதீர்கள், அந்த அதிர்வு பேரிங்கையும் உள்ளே இருக்கும் அலமாரியையும் ஆட்டிவிடும். கழற்றிய டயரைத் தூக்கிப் போடாதீர்கள், எடை குறைந்த டிரெய்லர் வைத்திருப்பவர் யாராவது தேதி பார்த்து வாங்கிக்கொள்வார்.

நட்டை ஏர் கன்னால் அடித்துவிட்டு அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குறுக்கு நெடுக்காக, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து, டிரெய்லர் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். புதுச் சக்கரம் மாட்டிய பிறகு நட்டு கொஞ்சம் தளரும். முதல் 15 கிலோமீட்டரில் ஒருமுறை, 40-இல் ஒருமுறை, 80-இல் ஒருமுறை நிறுத்தி முறுக்கிப் பாருங்கள். காரைக்குடியிலிருந்து திருச்சி போகிறவர்களுக்கு நான் சொல்வது, திருமயம் கோட்டைக்கு முன்னால் முதல் நிறுத்தம், புதுக்கோட்டையில் டீ குடிக்கும்போது இரண்டாவது, திருச்சிக்குள் நுழைவதற்கு முன் மூன்றாவது.